மரீனா சிட்டி: சிகாகோ ஆற்றங்கரையில் 896 வீடுகள்

சிகாகோ ஆற்றின் வடகரையில், ஸ்டேட் தெருவுக்கும் டியர்பார்ன் தெருவுக்கும் நடுவே, சுமார் 3 ஏக்கர் நிலத்தில் இரண்டு உருண்டைக் கோபுரங்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் 65 மாடி, 587 அடி உயரம். மீட்டரில் சொன்னால் 179. ஊர்க்காரர்கள் இவற்றை மக்காச்சோளக் கதிர் என்பார்கள். எதிர்க்கரையில் வேக்கர் டிரைவ் சாலையில் நின்று பார்த்தால், பால்கனிகள் மணிமணியாகப் புடைத்து வரிசை கட்டி நிற்பதில் அந்தப் பெயரின் காரணம் தெரிந்துவிடும்.

மரீனா சிட்டியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்த வடிவத்தோடு நின்றுவிடுகிறார்கள். வடிவம் அழகுதான். ஆனால் ஊரின் நட்டநடுவில் உயரமான குடியிருப்பு கட்ட நினைப்பவரும், அப்படிப்பட்ட இடத்தில் வீடு வாங்க நினைப்பவரும் இங்கே கற்றுக்கொள்ள வேண்டியது வேறு. வீடு, கார் நிறுத்தம், அலுவலகம், அரங்கம், படகுத்துறை எல்லாம் ஒன்றையொன்று தாங்கும்படி ஒரே திட்டமாகக் கட்டப்பட்ட வளாகம் இது. 1977இல் அதன் உரிமை மட்டும் தனித்தனியாகப் பிரிந்தது. இதன் வரலாற்றில் நல்லது பெரும்பாலும் அந்த ஒற்றைத் திட்டத்திலிருந்து வந்தது. தொல்லைகளில் பாதிக்கு மேல் அந்தப் பிரிவினையிலிருந்து வந்தது.

துப்புரவுத் தொழிலாளர் சங்கம் ஏன் வீடு கட்டியது

இதைத் தொடங்கி வைத்தவர் ரியல் எஸ்டேட் முதலாளி அல்ல, ஒரு தொழிற்சங்கத் தலைவர். கட்டடத் துப்புரவாளர்கள், காவலாளிகள், லிஃப்ட் இயக்குபவர்கள் ஆகியோரின் சங்கத்துக்குத் தலைவராக இருந்த வில்லியம் மெக்ஃபெட்ரிட்ஜ். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வசதியுள்ள வெள்ளையர் குடும்பங்கள் புறநகர்களுக்குப் போய்க்கொண்டிருந்தன. 1950 கணக்கெடுப்பில் 36 லட்சத்து 20 ஆயிரமாக இருந்த சிகாகோவின் மக்கள்தொகை, 1960இல் 35 லட்சத்து 50 ஆயிரமாகக் குறைந்திருந்தது. நடு ஊர் மாலை ஐந்து மணிக்கு மேல் காலியாகிவிடும். ஆள் இல்லாவிட்டால் கட்டடம் இல்லை. கட்டடம் இல்லாவிட்டால் பெருக்கித் துடைக்கும் வேலையும் லிஃப்ட் ஓட்டும் வேலையும் இல்லை. உறுப்பினர்களின் பிழைப்பைக் காப்பாற்ற வேண்டுமானால் நடு ஊரில் ஆட்களைக் குடியேற்ற வேண்டும் என்று சங்கம் கணக்குப் போட்டது. அந்தக் கணக்கு எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. ஊர் காலியாகிறதே என்று வருந்தியவர்கள் பலர். அதைத் தடுக்கத் தங்கள் சேமிப்பை எடுத்து வைத்தவர்கள் இவர்கள்.

ரயில் நிறுவனத்தின் கையில் கிடந்த ஆற்றோர நிலம் தேர்ந்தெடுக்கப்பட்டது. மேயர் ரிச்சர்ட் ஜே. டேலியின் ஆதரவு கிடைத்தது. ரியல் எஸ்டேட் வேலைகளைச் சார்லஸ் ஸ்வைபல் கவனித்தார். பணத்தில் ஒரு பகுதி சங்கத்துடையது. பெரும் பகுதி, மத்திய அரசின் வீட்டுவசதி நிர்வாகம் உத்தரவாதம் தந்த அடமானக் கடன். அந்த உத்தரவாதத்தின் விதிகள் குழந்தை குட்டியோடு வாழும் குடும்பத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. இந்தத் திட்டமோ தனியாக வாழ்பவர்களுக்கும் குழந்தையில்லாத தம்பதிகளுக்கும் உரியது. இவர்களும் வீடு தேடும் மக்கள்தான், நடு ஊரில் வாழ விரும்புகிறவர்களும் இவர்கள்தான் என்று வாதாடி நிறுவ வேண்டியிருந்தது. திட்டம் 1959இல் அறிவிக்கப்பட்டது. 1960 நவம்பரில் பூமி பூஜைக்கு நிகரான தொடக்க விழா நடந்தது. 1962 அக்டோபரில் முதல் குடித்தனக்காரர்கள் குடியேறிவிட்டார்கள். இரண்டே ஆண்டுகளில் இத்தனை உயரம் எப்படிச் சாத்தியமானது என்பதற்கான விடை வரைபடத்திலேயே இருக்கிறது.

கோல்ட்பர்க்கும் நடுத்தண்டும்

கட்டடக் கலைஞர் பெர்ட்ரண்ட் கோல்ட்பர்க் (1913–1997) சிகாகோவில் பிறந்தவர். 1932இல் ஜெர்மனிக்குப் போய் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் படித்தார். பெர்லினில், நவீனக் கட்டடக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான மீஸ் வான் டெர் ரோஹெயின் அலுவலகத்தில் வேலை பார்த்தார். மீஸ் என்றாலே நேர்கோடு, செங்கோணம், எஃகு, கண்ணாடி. மாணவர் அதற்கு நேரெதிர் திசையில் போனார். மரீனா சிட்டிக்குக் கிழக்கே அடுத்தாற்போல் நிற்கும் கறுத்த பெட்டிக் கட்டடம், 1970களின் தொடக்கத்தில் ஐபிஎம் நிறுவனத்துக்காக எழுந்தது, மீஸ் வரைந்ததுதான். ஆசிரியரும் மாணவரும் இப்படித் தோளோடு தோள் நிற்கும் இடம் உலகில் அதிகம் கிடையாது. சிகாகோ போகிறவர்கள் இரண்டையும் ஒரே பார்வையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

நடுவில் ஒரு தண்டு, எல்லாவற்றையும் அது தாங்க வேண்டும் என்ற யோசனை கோல்ட்பர்க்குக்கு மரீனா சிட்டியில் புதிதாக வந்ததல்ல. 1938இலேயே ஒரு நடமாடும் ஐஸ்கிரீம் கடைக்கு, நடுவில் நட்ட ஒரே கம்பத்திலிருந்து கூரையை இழுத்துக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். மரீனா சிட்டியில் கம்பத்தின் இடத்தில் 32 அடி விட்டமுள்ள கான்கிரீட் உருளை வந்தது. லிஃப்டும் மாடிப்படியும் அந்த உருளைக்குள். அதைச் சுற்றி வட்டமான நடைபாதை. நடைபாதையைச் சுற்றிப் பூவிதழ்கள் மாதிரி 16 ஆப்புகள். ஆப்பு என்று சொல்வதைவிட இதழ் என்பது பொருத்தமாக இருப்பதால் அப்படியே சொல்கிறேன். ஒவ்வொரு இதழின் வெளி முனையிலும் 175 சதுர அடியில் ஓர் அரைவட்ட பால்கனி.

வீடுகளின் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தால் கட்டடம் முழுவதும் பிடிபட்டுவிடும். வீடுகள் 21ஆம் மாடியிலிருந்து 60ஆம் மாடி வரை, மொத்தம் 40 மாடி. ஒரு மாடிக்கு 16 இதழ். இரண்டு கோபுரங்களுக்கும் சேர்த்து 1,280 இதழ். இதில் ஸ்டூடியோ வீட்டுக்கு, அதாவது தனிப் படுக்கையறை இல்லாத ஒற்றை அறை வீட்டுக்கு, ஒரு இதழ், ஒரு படுக்கையறை வீட்டுக்கு ஒன்றரை, இரண்டு படுக்கையறை வீட்டுக்கு இரண்டரை. ஸ்டூடியோ 256, ஒரு படுக்கையறை 576, இரண்டு படுக்கையறை 64. மொத்தம் 896 வீடுகள். 256 இதழ், 864 இதழ், 160 இதழ் என்று கூட்டினால் சரியாக 1,280 வருகிறது. ஒரு இதழ்கூட மிச்சமில்லை, வீணில்லை. 21 முதல் 52 வரை உள்ள மாடிகளில் நான்கு ஸ்டூடியோவும் எட்டு ஒரு படுக்கையறை வீடுகளும் ஆகப் பன்னிரண்டு கதவுகள். 53 முதல் 60 வரை நான்கு பெரிய வீடும் நான்கு நடுத்தர வீடும் ஆக எட்டே கதவுகள். எந்த மாடியில் வீடு என்று சொன்னாலே, அங்கே எந்த அளவு வீடுகள் கிடைக்கும் என்பதைச் சொல்லிவிடலாம்.

16 இதழ் என்றால் ஒவ்வொன்றும் 22.5 பாகைக் கோணம். மையத்திலிருந்து 20 அடித் தொலைவில் ஓர் இதழின் அகலம் 8 அடிக்குக் கொஞ்சம் குறைவு. 40 அடித் தொலைவில் 16 அடியை நெருங்கும். சமையலறையையும் குளியலறையையும் குறுகிய உள்முனையில் வைத்ததற்குக் காரணம் இதுதான். அங்கே ஜன்னல் கிடையாது, தேவையுமில்லை. தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் தண்டுக்கு அருகிலேயே நேராக இறங்குகின்றன. அகன்ற வெளிமுனை கூடத்துக்கும் படுக்கையறைக்கும். தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி, அதற்கு அப்பால் பால்கனி. இதனால் இந்த வளாகத்தில் பால்கனி இல்லாத கூடமோ படுக்கையறையோ கிடையாது. ஸ்டூடியோவில் இருப்பவருக்கும் 175 சதுர அடி திறந்த வெளி உண்டு. இன்றைக்கு விற்கப்படும் பல நடு ஊர் வீடுகளில் ஒரு நாற்காலி போடும் அகலத்துக்குமேல் பால்கனி கிடைப்பதில்லை என்பதை இதோடு ஒப்பிட வேண்டும்.

இந்த வடிவத்தில் குடியிருப்பவருக்கு வரும் சிக்கல் சாமான்களை வைப்பதில்தான். இரண்டு பக்கச் சுவர்களும் நேரானவை, ஆனால் ஒன்றுக்கொன்று இணையானவை அல்ல. வெளியே போகப்போக விலகும். கட்டிலைப் பக்கச் சுவரில் சேர்த்துப் போட்டால் எதிர்ச்சுவரோடு கோணலாக நிற்கும். பெரிய அலமாரிகளை ஒரே சுவரில் வரிசையாக வைத்து, மற்றொரு சுவரைக் காலியாக விட்டுவிடுவது நல்லது. தரை ஓடு பதிப்பவர் சதுர ஓடுகளை ஒரு சுவருக்கு இணையாகத் தொடங்கினால் மறு சுவரில் ஒவ்வொரு ஓட்டையும் சாய்வாக வெட்ட வேண்டிவரும். இதழின் நடுக்கோட்டை நூல் பிடித்துக் குறித்து, அங்கிருந்து இரண்டு பக்கமும் பதித்துக்கொண்டு போனால் வெட்டு இரண்டு ஓரத்திலும் சமமாக விழும். சமையலறை மேடையை முன்கூட்டியே செய்து கொண்டுவந்து பொருத்துவதற்கு முன்பு, பின்பக்கச் சுவரின் கோணத்தை அட்டையில் அச்செடுத்துக்கொள்ள வேண்டும். வரைபடத்தில் உள்ள கோணத்தை மட்டும் நம்பி வேலை தொடங்கக் கூடாது. பூச்சு கனம் ஏறி இறங்கியிருக்கும்.

கட்டிய விதம்

சிகாகோ நடு ஊரின் மண், மென்மையான களிமண். இந்த உயரத்துக்குக் கட்டுபவர்கள் ஆழமாகத் துளை தோண்டிக் கான்கிரீட் தூண்களை இறக்கித்தான் மேலே வர வேண்டும். அடித்தளத்துக்கு மேல், முதலில் நடுத்தண்டு எழும். மாடிகள் அதன் பின்னால் ஏறிவரும். எடை தூக்க, தண்டோடு சேர்ந்து மேலே ஏறும் டவர் கிரேன் பயன்படுத்தப்பட்டது. அமெரிக்காவில் டவர் கிரேன் வைத்துக் கட்டிய முதல் கட்டடம் மரீனா சிட்டி. வேலையை எடுத்தது ஜேம்ஸ் மெக்ஹியூ கட்டுமான நிறுவனம்.

வட்டமாகக் கட்டினால் சென்ட்ரிங் செலவு எகிறும் என்று கொத்தனார் எவரும் சொல்வார். ஒரே ஒரு வட்ட வீடு கட்டினால் அது உண்மைதான். வளைந்த அச்சு செய்யவே பாதிப் பணம் போய்விடும். இங்கே ஒரே இதழ் 1,280 முறை வருகிறது. நல்ல அச்சை ஒருமுறை செய்துகொண்டால், அதையே கழற்றி மேலே தூக்கி மறுபடி மறுபடி மாட்டலாம். ஒரு மாடியில் கற்றுக்கொண்ட கை அடுத்த மாடியில் வேகமாக ஓடும். கம்பி வளைக்கும் அளவுப்பட்டியலும் மாறாது. இரண்டு ஆண்டு வேகத்தின் ரகசியம் இந்தத் திரும்பத் திரும்ப வருவதில் இருக்கிறது. வளைவு விலை உயர்ந்தது என்ற பேச்சை எண்ணிக்கை முறியடித்துவிட்டது.

காற்றுக்கும் உருண்டை வடிவம் உதவும். தட்டையான முகத்தில் மோதும் காற்று முழு பலத்தோடு தள்ளும்; உருளையைச் சுற்றி வழுக்கிப் போகும்போது தள்ளுவிசை குறையும். மிச்சமுள்ள விசையின் பெரும்பகுதியை நடுத்தண்டு வாங்கிக்கொள்கிறது. சுற்றி வளையமாக நிற்கும் பில்லர்களுக்கு முக்கிய வேலை எடை தாங்குவது. கட்டி முடித்தபோது உலகிலேயே உயரமான குடியிருப்புக் கட்டடங்களும், உயரமான வலுவூட்டிய கான்கிரீட் கட்டடங்களும் இவைதான். அந்தப் பட்டம் வெகுநாள் நீடிக்கவில்லை. 1968இல் அதே சிகாகோவில், மிச்சிகன் ஏரியை ஒட்டி எழுந்த லேக் பாயிண்ட் டவர் 645 அடி.

கீழே 19 மாடி கார்கள்

முதல் 19 மாடிகளும் கார் நிறுத்தம். சுவர் கிடையாது. சுழன்று ஏறும் ஒரே சாய்தளம், ஓரத்தில் கார்கள் பின்பக்கம் தெரிய வரிசையாக நிற்கும். இரண்டு கோபுரங்களிலும் சேர்த்துச் சுமார் 900 கார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு கார் என்ற கணக்கு. வண்டியை நீங்கள் ஓட்டிக்கொண்டு போக முடியாது. கீழே சாவியைக் கொடுத்தால் ஊழியர்கள் ஓட்டிக்கொண்டுபோய் நிறுத்துவார்கள். சுழல்பாதையில் ஒருவர் இடம் தேடித் தயங்கினால் பின்னால் வருகிற அத்தனை வண்டியும் நிற்கும். அதனால் பழகிய கைகளிடம் விட்டுவிடுவதே இந்த வடிவத்துக்குப் பொருத்தம். ஊழியர் வைத்து இயக்குவதற்குக் கூலிச்செலவு உண்டு. காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் வண்டி கேட்டால் காத்திருப்பும் உண்டு. இந்த இரண்டையும் சகித்துக்கொள்ள மனமில்லாதவர்கள் இப்படிப்பட்ட வளாகத்தில் கார் வைத்துக்கொள்ளாமல் இருப்பதே நிம்மதி. அலுவலகமும் கடையும் நடை தூரத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் திட்டத்தின் அடிப்படையே.

ஆற்றைப் பார்த்த இந்தத் திறந்த ஓரங்களிலிருந்து 1980இல் வெளிவந்த ஒரு திரைப்படத்துக்காகவும், 2006இல் ஒரு காப்பீட்டு விளம்பரத்துக்காகவும் கார்களைத் தண்ணீருக்குள் பறக்கவிட்டிருக்கிறார்கள். பலருக்கு இந்தக் கட்டடம் தெரிந்ததே அப்படித்தான்.

கார்களை மண்ணுக்கு அடியில் வைக்காமல் மேலே அடுக்கியதில் இரண்டு லாபம். ஆற்றோரத்தில் ஆழமாகத் தோண்டித் தண்ணீர் கசியாமல் சுவர் எழுப்பும் செலவு மிச்சம். அதைவிட முக்கியமாக, மிகத் தாழ்ந்த வீடே 21ஆம் மாடியில் தொடங்குவதால், தெருச் சத்தத்துக்குள் பதுங்கிக் கிடக்கும் மலிவு வீடு என்று ஒன்று கிடையாது. கார்களுக்கும் வீடுகளுக்கும் இடையே 20ஆம் மாடியில் பொதுச் சலவைக்கூடம். துணி துவைக்கும் அறையை வழக்கமாக நிலவறை மூலையில் ஒளித்து வைப்பார்கள். இங்கே ஊர் முழுவதையும் பார்த்தபடி துணி மடிக்கலாம். மொட்டை மாடி 61ஆவது, சுற்றிலும் திறந்தவெளி. அதற்கும் மேலே லிஃப்ட் இயந்திரங்களும் மற்றத் தளவாடங்களும். கீழ்க்கூடத்திலிருந்து 61ஆம் மாடிக்கு லிஃப்டில் சுமார் 35 வினாடி.

இந்தத் திறந்த கார் மாடிகளுக்கு ஒரு பகை உண்டு: உப்பு. சிகாகோவில் குளிர்காலம் முழுவதும் சாலையில் பனி உருகுவதற்காக உப்புத் தூவுவார்கள். கார்களின் அடிப்பாகத்தில் ஒட்டிவரும் உப்புத்தண்ணீர் சிலாபின்மேல் சொட்டி, மயிரிழை வெடிப்புகள் வழியே உள்ளே இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைக்கும். உள்ளிருந்து வீங்கி, மேலே மூடியிருக்கும் கான்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளும். பால்கனிகளுக்கு உப்பு குறைவு. அங்கே பகை உறைபனி. நுண்துளைகளில் நின்ற தண்ணீர் உறைந்து விரியும், உருகும், மறுபடி உறையும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய ஓரமும், கைப்பிடிக் கம்பி கான்கிரீட்டில் இறங்கும் இடமும்தான் முதலில் கெடும்.

சரிசெய்யும் முறை எங்கும் ஒன்றுதான். சுத்தியலால் தட்டி, வெற்றொலி கேட்கும் பகுதியைச் சுண்ணாம்புக் கட்டியால் வட்டமிட வேண்டும். கெட்டதைக் கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவுக்கு உடைத்தெடுக்க வேண்டும். கம்பியின் முன்பக்கம் மட்டும் கொத்தி ஒட்டுப்போட்டால், பின்பக்கத் துரு சில குளிர்காலங்களிலேயே ஒட்டைப் பெயர்த்துவிடும். பிறகு துருவை மணல் வீசிச் சுரண்டி, கம்பி மெலிந்திருந்தால் புதுக்கம்பி சேர்த்து, பழைய கான்கிரீட்டோடு ஒத்துப்போகும் கலவையை இட்டு, ஈரத்தோடு பதப்படுத்தி, கடைசியில் தண்ணீர் புகாத பூச்சு. ஒட்டுக்கலவை பழையதைவிட மிக வலுவாக இருந்தாலும் கெடுதல்தான். இரண்டும் வேறு வேறு அளவில் விரிந்து சுருங்கி, சேரும் இடத்தில் பிரியும். சிகாகோ மாநகராட்சி விதிப்படி உயரமான கட்டடங்களின் வெளிமுகத்தைக் குறித்த கால இடைவெளியில் பொறியாளரை வைத்துப் பரிசோதித்தாக வேண்டும். இதழ் இதழாகப் புடைத்த 1,280 ஓரங்கள் உள்ள இடத்தில் அந்தச் செலவு சிறியதல்ல.

எல்லாம் மின்சாரம்

மரீனா சிட்டி வீடுகளில் மையக் கொதிகலன் இல்லை, எரிவாயு அடுப்பு இல்லை. சூடாக்குவது, குளிரூட்டுவது, வெந்நீர், சமையல் அனைத்தும் அந்தந்த வீட்டிலேயே, மின்சாரத்தில். கட்டுபவருக்கு இது பெரிய சேமிப்பு. 40 மாடிக்கும் நீராவிக் குழாய் ஏற்ற வேண்டாம், புகைபோக்கி வேண்டாம், பெரிய காற்றுக்குழாய்கள் ஓடாததால் மாடி உயரத்தையும் அடக்கமாக வைக்கலாம். குடியிருப்பவரும் தன் வெப்பத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

அதன் மறுபக்கம், சனவரி மாதத்து மின்கட்டணம் நேரே அவரிடமே வருகிறது. தரைமுதல் கூரைவரை கண்ணாடி இருக்கும் வீட்டில் குளிர் கண்ணாடி வழியாகவும் அதன் சட்டங்களின் இடுக்கு வழியாகவும் நுழையும். ரப்பர்ப் பட்டைகளை மாற்றுவதும், நகரும் கதவின் கீழ்த்தடத்தைச் சுத்தம் செய்வதும் அலங்கார வேலை அல்ல, மின்கட்டணத்தைக் குறைக்கும் வேலை. ஒரு பெரிய இயந்திரத்துக்குப் பதிலாக 896 சிறிய இயந்திரங்கள், ஒவ்வொன்றும் வெவ்வேறு வயதில். ஒரு வீட்டின் பழைய வெந்நீர்த் தொட்டி உடைந்தால் தண்ணீர் நேராக அதே இதழின் கீழ்வீடுகளுக்கு இறங்கும். மேலே யார் தொட்டியை எப்போது மாற்றினார் என்பது கீழே இருப்பவருக்கும் அக்கறையுள்ள கேள்வி.

உயரமும் குளிரும் சேர்ந்தால் இன்னொன்றும் நடக்கும். வெப்பக்காற்று தண்டுக்குள் மேலேறும். கீழே வெளிக்கதவு திறக்கும்போதெல்லாம் குளிர்காற்று உறிஞ்சப்பட்டு உள்ளே பாயும். கதவு திறக்க மறுப்பது, லிஃப்ட் வாசலில் ஊதல் சத்தம் கேட்பது எல்லாம் இதனால்தான். குளிர்நாட்டு உயர்கட்டடங்கள் அனைத்துக்கும் இந்தக் குணம் உண்டு.

ஒற்றைத் திட்டம், பல உரிமை

கோபுரங்களின் காலடியில் உள்ளவைதான் இந்த வளாகத்தை ஒரு ஊராக்கின. அலுவலகக் கட்டடம், ஈயத்தகடு போர்த்திய சேண வடிவக் கூரையோடு ஓர் அரங்கம், பனிச்சறுக்குத் தளம், பந்துருட்டும் கூடம், உணவகம், கடைகள்; மேடைக்கு அடியில் ஆற்று மட்டத்தில் படகுத்துறை. பகலில் மட்டும் ஆள் நடமாடும் அலுவலகத்துக்கும், இரவில் மட்டும் ஆள் தூங்கும் வீட்டுக்கும் தனித்தனியாகச் சாலையும் குழாயும் மின்சாரமும் போட்டுக்கொண்டிருந்தால் ஊருக்குக் கட்டுப்படியாகாது. ஒரே நிலத்தைப் பகலுக்கும் இரவுக்கும் மேலும் கீழுமாக அடுக்க வேண்டும் என்பது கோல்ட்பர்க்கின் வாதம். இன்றைக்கு உலகெங்கும் 'கலப்புப் பயன்பாடு' என்று விளம்பரம் செய்கிறார்களே, அதைப் போருக்குப் பிந்தைய அமெரிக்க நடு ஊரில் முதலில் முழு அளவில் செய்து காட்டியது இதுதான்.

முதல் பதினைந்து ஆண்டு எல்லாமே வாடகை. 1977இல் வீடுகள் தனித்தனியாக விற்கப்பட்டன. வீடு வாங்கியவர்களின் சங்கத்துக்குக் கோபுரத்தின் குடியிருப்புப் பகுதி. கடை, அலுவலகம், அரங்கம், கார் நிறுத்தம் ஆகிய வணிகப் பகுதி வேறு உரிமையில். காகிதத்தில் இது சுலபமான கோடு. கட்டடத்தில் அப்படி ஒரு கோடு கிடையாது. வீட்டுக்காரரைச் சுமக்கும் பில்லர் கார் மாடிகளின் நடுவே இறங்குகிறது. வீட்டுக்காரர் நடந்து வரும் முற்றம் கடைகளின் வாசல். கடை ஓடாவிட்டால் முற்றத்தைப் பராமரிக்க ஆள் இருக்காது. முற்றம் பாழானால் வீட்டின் விலை இறங்கும். வீட்டுக்காரர் சங்கத்துக்குக் கடைகளை நடத்தும் அதிகாரம் கிடையாது.

1980களில் நடந்தது அதுவேதான். மேலே வீடுகள் நிரம்பியிருந்தன. கீழே அரங்கமும் அலுவலகமும் பனித்தளமும் ஓய்ந்து பாழடைந்தன. 1990களில்தான் வணிகப் பகுதிக்குப் புதிய உரிமையாளர்களும் புதிய பணமும் வந்தன. 1996இல் அரங்கம் ஹவுஸ் ஆஃப் ப்ளூஸ் என்ற இசைக்கூடமானது. அலுவலகக் கட்டடம் 1998இல் ஓட்டலானது. பனித்தளம் இருந்த இடத்தில் ஆற்றைப் பார்த்த உணவகம் வந்தது. 2006இல் ஓட்டலும் கடைகளும் கார் நிறுத்தமும் ஒரு ஓட்டல் முதலீட்டு நிறுவனத்தின் கைக்குச் சேர்ந்து போயின. இரவு நேர இசைக்கூட்டம் வீட்டுக்காரர்களுக்கு எப்போதும் இனிமையானதல்ல. ஆனாலும் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள முற்றம், பூட்டிக் கிடக்கும் முற்றத்தைவிட எவ்வளவோ மேல்.

வெளித்தோற்றத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது 2016இல், சிகாகோ மாநகர மன்றம் மரீனா சிட்டியைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தபோது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் தாமதம். இடையில் கோல்ட்பர்க்கின் இன்னொரு பெரிய படைப்பு போயே போய்விட்டது: 1975இல் திறந்த பிரெண்டிஸ் மகளிர் மருத்துவமனை. நான்கு இதழ் கொண்ட கான்கிரீட் பூ மாதிரி நடுத்தண்டிலிருந்து வெளியே நீண்டு நின்ற கட்டடம். உலகெங்கிலுமிருந்து கட்டடக் கலைஞர்கள் மன்றாடியும் 2013இல் இடிக்கத் தொடங்கினார்கள். அந்த இழப்பு மரீனா சிட்டிக்கு ஆதரவாகப் பேசியவர்களின் குரலுக்கு வலுச் சேர்த்தது என்றே நினைக்கிறேன். 1966இல் அவர் ஏழைகளுக்கும் முதியவர்களுக்கும் கட்டிய ரேமண்ட் ஹில்லியர்ட் குடியிருப்பு நல்லவேளையாக இன்னும் இருக்கிறது. அதே உருண்டைக் கோபுரங்கள், அதே அக்கறை. மரீனா சிட்டியைப் பார்க்கப் போகிறவர்கள் அதையும் பார்க்காமல் திரும்பக் கூடாது.

இப்படிப் பிரிந்த உரிமையுள்ள வளாகம் எதிலாவது வீடு வாங்குகிறவர்கள், பால்கனியிலிருந்து தெரியும் காட்சியில் மயங்குவதற்கு முன் பத்திரத்தில் சில கேள்விகளுக்கு விடை தேட வேண்டும். கார் நிறுத்தும் இடம் வீட்டோடு சேர்ந்ததா, வேறொருவரின் சொத்தில் மாத வாடகையா? வாடகை என்றால் அதை உயர்த்துவது யார்? கீழ்மாடிகளின் பில்லரும் சிலாபும் பழுதானால் செலவு எந்த விகிதத்தில் பிரியும்? பால்கனித் தளம் வீட்டுக்காரருடையதா, சங்கத்தின் பொதுச் சொத்தா? ஓடு பதிக்க அனுமதி உண்டா? பால்கனியில் ஓடு பதித்தால் அடியில் தண்ணீர் தங்கிக் கான்கிரீட் கெடும். பல சங்கங்கள் இதைத் தடுப்பது அதனால்தான். கடைசியாக நடந்த வெளிமுகப் பரிசோதனையின் அறிக்கையும், சங்கத்தின் சேமிப்பு நிதியின் இருப்பும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். அறிக்கையில் உள்ள வேலைக்கு நிதி போதவில்லையென்றால், மீதியை வாங்குகிறவர்தான் கட்டப்போகிறார். அந்தத் தொகையை விலையில் கழித்துப் பேச வேண்டிய நேரம் கையெழுத்துக்கு முன்பு.